கெம்பஸ் ஆன தொழிற்சாலையும் 146 பெயர்களும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன வாரம் தரம் 11 பிள்ளைகளுக்குக் கைத்தொழில் புரட்சிப் பாடம் நடத்தினேன். ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கார்ட்ரைட், ஜேம்ஸ் வாட் என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டேன். மணி அடித்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி மட்டும் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுடைய ராத்தா கார்மன்ட்டில் வேலை செய்பவர் என்பது எனக்குத் தெரியும்.

"சேர், மெஷின் கண்டுபுடிச்ச ஆக்கள்ட பேரெல்லாம் இருக்கு. மெஷின்ல இருந்து வேல செஞ்ச ஆக்கள்ட பேரு ஒண்டும் இல்லையே?"

"இல்ல மகள், அவ்வளவு பேர்ட பேரையும் எழுத ஏலுமா?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. நான் சொன்ன பதில் பிழை என்று பட்டது. ஒரு இடத்தில் எழுதியிருக்கிறார்கள். அதுவும் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் சுவரில். அந்தக் கட்டடத்தின் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

நியூயோர்க் நகரில் வொஷிங்டன் சதுக்கம் என்று ஒரு பூங்கா இருக்கிறது. அதைச் சுற்றித்தான் நியூயோர்க் பல்கலைக்கழகம். நமது ஊர்ப் பல்கலைக்கழகங்களைப் போலப் பெரிய வளவும் மதிலும் கேற்றும் கிடையாது. தெருவில் உள்ள கட்டடங்களே கெம்பஸ். பூங்காவிலிருந்து கிழக்கே ஒரு தெருத் தூரத்தில், வொஷிங்டன் பிளேஸும் கிரீன் வீதியும் சந்திக்கும் மூலையில் பத்து மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. பெயர் பிரவுன் கட்டடம். உள்ளே உயிரியல், இரசாயனவியல் ஆய்வுகூடங்களும் வகுப்பறைகளும் இருக்கின்றன. 18, 19 வயதுப் பிள்ளைகள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு லிப்டுக்குக் காத்து நிற்கும் இடம்.

1911இல் இதே கட்டடத்தில் லிப்டுக்குக் காத்து நின்றவர்களும் அதே வயதுப் பிள்ளைகள்தான். அப்போது இதன் பெயர் ஆஷ் கட்டடம். மேல் மூன்று மாடிகளிலும் ஒரு தையல் தொழிற்சாலை இயங்கியது.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1901இல் கட்டி முடித்தார்கள். இரும்புச் சட்டகம், அகன்ற ஜன்னல்கள், உயரமான கூரை, நடுவில் தடுப்பில்லாத பெரிய தளங்கள். ஒவ்வொரு மாடியும் கிட்டத்தட்ட 10,000 சதுர அடி. "தீப்பிடிக்காத கட்டடம்" என்று சொல்லித்தான் வாடகைக்கு விட்டார்கள். அதற்கு முன்பு நியூயோர்க்கில் தையல் வேலை பெரும்பாலும் காற்றில்லாத குடியிருப்பு அறைகளில்தான் நடந்தது. அதோடு ஒப்பிட்டால் இது வெளிச்சமும் காற்றும் உள்ள நவீன தொழிற்சாலை.

ஆனால் முதலாளிகளுக்கு உயரமான கூரையில் வேறொரு இலாபமும் இருந்தது. ஒரு தொழிலாளிக்கு 250 கன அடி காற்று இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். கூரை உயர்ந்தால் கணக்கில் காற்று கூடும். காற்று கூடினால் அதே தளத்தில் இன்னும் பல பேரை நெருக்கி உட்கார வைக்கலாம். சுகாதாரத்துக்காக எழுதிய சட்டத்தைப் பிழியாமல் அப்படியே கடைப்பிடித்துக்கொண்டே நெரிசலை உண்டாக்கினார்கள்.

உயரத்திலும் ஒரு கணக்கு இருந்தது. 150 அடிக்கு மேற்பட்ட கட்டடமென்றால் தரைக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் மரம் பாவிக்கக் கூடாது. இந்தக் கட்டடம் 135 அடி. ஆகவே மரம் போட்டார்கள். மூன்று படிக்கட்டுகள் இருந்திருக்க வேண்டிய அளவுக் கட்டடத்தில் இரண்டுதான் கட்டினார்கள். பின்பக்கச் சுவரில் பொருத்திய இரும்புப் படியை மூன்றாவதாகக் காட்டினார்கள். படிக்கட்டுக் கதவுகளும் உள்பக்கமாகவே திறந்தன. தீயை அணைக்க மேலிருந்து தானாக நீர் தெளிக்கும் குழாய்கள் அந்தக் காலத்தில் இருந்தன, ஆனால் இங்கே பொருத்தவில்லை. அது கட்டாயமும் இல்லை.

எட்டாம், ஒன்பதாம், பத்தாம் மாடிகளை எடுத்திருந்தது ட்ரையாங்கிள் கம்பெனி. (அமெரிக்கக் கணக்கில் தரைத்தளமே முதலாம் மாடி.) உரிமையாளர்கள் மெக்ஸ் பிளாங்க், ஐசாக் ஹாரிஸ் என்ற இருவர். தைத்தது அன்றைய நாகரிகப் பெண்கள் விரும்பி அணிந்த பிளவுஸ். ஏறத்தாழ 500 பேர் வேலை செய்தார்கள். அநேகர் இளம்பெண்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களும் தென் இத்தாலியிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்களும். வாரத்துக்கு 52 மணித்தியாலம் வேலை. சனிக்கிழமை யூதர்களுக்கு மார்க்க ரீதியான ஓய்வு நாள். ஆனால் சனிக்கிழமையும் மெஷின் ஓடியது. ஜும்ஆ நேரத்தில் வேலையை விட்டு வர முடியாமல் தவித்த யாருக்கும் அந்த மனநிலை புரியும்.

இந்தப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவுமில்லை. 1909 நவம்பர் 22ஆம் திகதி கூப்பர் யூனியன் மண்டபத்தில் தொழிலாளர் கூட்டம் ஒன்று நடந்தது. தலைவர்கள் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது கிளாரா லெம்லிக் என்ற இளம் தொழிலாளி மேடையேறி, இத்திஷ் மொழியில், பேச்சு போதும், பொது வேலைநிறுத்தத்துக்குப் போவோம் என்றார். மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கான தையல் பெண்கள் தெருவுக்கு இறங்கினார்கள். அது வரலாற்றில் "20,000 பேரின் எழுச்சி" என்று பெயர் பெற்றது. கூலிக்கு அமர்த்திய ஆட்களிடமும் பொலிஸிடமும் அடி வாங்கினார்கள். குளிர்காலம் முழுக்க நின்றார்கள். 1910 பெப்ரவரியில் வேலைநிறுத்தம் முடிந்தபோது பல கம்பெனிகள் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டிருந்தன. ட்ரையாங்கிள் ஏற்கவில்லை.

இனி அந்த நாள். 1911 மார்ச் 25, சனிக்கிழமை. பின்னேரம் 4.40 மணி. வேலை முடியும் நேரம். கோட்டையும் தொப்பியையும் எடுக்கப் போகிறார்கள்.

எட்டாம் மாடியில் துணி வெட்டும் மேசைக்குக் கீழே வெட்டுத்துண்டுகள் போடும் பெட்டி இருந்தது. அந்தத் துண்டுகளைக் கடைசியாக எடுத்துச் சென்றது ஜனவரியில். இரண்டு மாதத்துத் துணி, அணையாத சிகரெட் துண்டோ தீக்குச்சியோ ஏதோ ஒன்று. அவ்வளவுதான். வாளியில் இருந்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. மேலே கம்பியில் தொங்கிய மெல்லிய காகித வெட்டு மாதிரிகள் வழியாகத் தீ மாடி முழுக்கப் பரவியது.

எட்டாம் மாடியிலிருந்தவர்கள் பெரும்பாலும் இறங்கிவிட்டார்கள். பத்தாம் மாடியில் கந்தோர் இருந்தது, முதலாளிகளும் அங்கேதான். அவர்களுக்குத் தொலைபேசியில் செய்தி போனது. மொட்டை மாடிக்கு ஏறித் தப்பினார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒன்பதாம் மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே ஏறத்தாழ 240 தையல் மெஷின்கள், நீள வரிசைகளாக. தீ ஜன்னல் வழியாக உள்ளே வந்தபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

கிரீன் வீதிப் பக்கப் படிக்கட்டில் சிலர் தப்பினார்கள். சில நிமிடத்தில் அந்த வழியைத் தீ மறித்துவிட்டது. மற்றவர்கள் வொஷிங்டன் பிளேஸ் பக்கக் கதவுக்கு ஓடினார்கள்.

அந்தக் கதவு பூட்டியிருந்தது.

ஏன் பூட்டினார்கள்? வேலை முடிந்து போகும் ஒவ்வொரு பெண்ணின் கைப்பையையும் திறந்து பார்ப்பது அங்கே வழக்கம். பிளவுஸ், துணித் துண்டு ஏதாவது எடுத்துக்கொண்டு போகிறாளா என்று. ஒரே வாசலால் அனுப்பினால்தான் செக் பண்ணச் சுலபம். அதற்காக மற்ற வாசல் பூட்டு.

பின்சுவரின் இரும்புப் படியில் ஏறியவர்களின் பாரம் தாங்காமல் அது முறிந்து விழுந்தது. ஜோசப் ஸிட்டோ, காஸ்பர் மோர்ட்டிலாரோ என்ற இரண்டு லிப்ட் இயக்குநர்கள் புகைக்குள் திரும்பத் திரும்ப மேலே போய் ஆட்களை இறக்கினார்கள். அவர்களும் இத்தாலியக் குடியேற்றத் தொழிலாளர்களே. லிப்ட் இயங்காமல் போகும் வரை நிறுத்தவில்லை. தீயணைப்புப் படை சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் அவர்களின் மிக நீளமான ஏணி ஆறாம் மாடி மட்டத்தோடு நின்றது. பல பேர் ஜன்னலால் குதித்தார்கள். கீழே பிடித்த வலைகள் கிழிந்தன.

எல்லாம் ஏறத்தாழ 18 நிமிடத்துக்குள். இறந்தவர்கள் 146 பேர். 123 பேர் பெண்கள், 23 பேர் ஆண்கள்.

இந்த இடத்தில் பல்கலைக்கழகம் கதைக்குள் வருகிறது. ஆஷ் கட்டடத்துக்கு ஒட்டினாற்போல் நின்றது நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் கட்டடம். அதன் மேல்மாடியில் பேராசிரியர் பிராங்க் சொமர் சட்ட மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். புகையையும் அலறலையும் கண்டதும் வகுப்பை விட்டு மாணவர்களோடு கூரைக்கு ஓடினார். அவர்களுடைய கூரை பக்கத்துக் கூரையை விட உயரம். அங்கே பெயின்ட் வேலைக்காரர்கள் விட்டுப் போன ஏணிகள் கிடந்தன. அவற்றை இறக்கி, ஆஷ் கட்டடக் கூரையில் நின்றவர்களை ஒவ்வொருவராக மேலே ஏற்றினார்கள். தொழிற்சாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடந்த முதல் கொடுக்கல் வாங்கல் அந்த ஏணிதான்.

தீ அணைந்த பிறகு பார்த்தால் கட்டடத்துக்குப் பெரிய சேதமில்லை. சுவர் நின்றது, தளம் நின்றது. "தீப்பிடிக்காத கட்டடம்" என்று சொன்னது பொய்யில்லை. கட்டடம் தீயைத் தாங்கியது. உள்ளே இருந்தவர்களைப் பற்றி அந்த வாக்கில் ஒன்றும் இருக்கவில்லை.

ஏப்ரல் 5ஆம் திகதி கொட்டும் மழையில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அஞ்சலி ஊர்வலம் போனார்கள். டிசம்பரில் முதலாளிகள் இருவர் மீதும் வழக்கு நடந்தது. வேலை நேரத்தில் தொழிற்சாலைக் கதவைப் பூட்டக் கூடாது என்ற சட்டம் அப்போதே இருந்தது என்பதைக் கவனியுங்கள். சட்டம் இல்லாமல் போகவில்லை. கதவு பூட்டியிருந்ததாகப் பெண்கள் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். ஆனால் அந்த நேரத்தில் கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பதையும் ஜூரிகள் சந்தேகமில்லாமல் நம்ப வேண்டியிருந்தது. இருவரும் விடுதலையானார்கள்.

பிறகு 1914இல் நடந்த சிவில் வழக்குத் தீர்வில் ஒரு உயிருக்கு 75 டொலர் என்று சில குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். முதலாளிகளுக்கோ காப்புறுதியிலிருந்து, நிரூபிக்கப்பட்ட நட்டத்தை விட ஏறத்தாழ 60,000 டொலர் அதிகமாகவே கிடைத்தது. இதற்கிடையில் 1913இல் பிளாங்க் இன்னொரு தொழிற்சாலையில் மறுபடியும் கதவைப் பூட்டி வைத்துப் பிடிபட்டார். தண்டம் 20 டொலர்.

நீதிமன்றத்தில் கிடைக்காதது சட்டசபையில் கொஞ்சம் கிடைத்தது. அந்த மாலை தெருவில் நின்று ஜன்னலிலிருந்து விழுந்த பெண்களைக் கண்ணால் கண்டவர்களில் பிரான்சஸ் பெர்கின்ஸ் என்ற சமூக சேவையாளரும் ஒருவர். 1911இலேயே நியூயோர்க் மாநிலம் தொழிற்சாலைகளை விசாரிக்க ஆணைக்குழு அமைத்தது. ரொபர்ட் வாக்னரும் அல் ஸ்மித்தும் தலைமை. பெர்கின்ஸ் அதில் முன்னின்று உழைத்தார். ஆணைக்குழு உறுப்பினர்களைத் தொழிற்சாலைகளுக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அடுத்த சில வருடங்களில் 30க்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன: வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள், நீர் தெளிக்கும் குழாய்கள், தீ ஒத்திகை, பரிசோதகர்களின் எண்ணிக்கையில் அதிகரிப்பு. 1933இல் பெர்கின்ஸ் அமெரிக்காவின் தொழில் அமைச்சர் ஆனார். அந்த நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்.

சரி, தொழிற்சாலை எப்படிக் கெம்பஸ் ஆனது?

தையல் தொழில் மெல்ல மெல்ல நகரின் வடக்குப் பக்கமாக நகர்ந்தது. வொஷிங்டன் சதுக்கத்தைச் சுற்றி இருந்த மாடிகள் காலியாகின. பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்கோ இடம் போதவில்லை. தொழிற்சாலைக்காகக் கட்டிய அதே அம்சங்கள் வகுப்பறைக்கும் பொருந்தின. தடுப்பில்லாத தளத்தை விரும்பியபடி அறைகளாகப் பிரிக்கலாம், மெஷினைத் தாங்கிய தளம் புத்தக அலுமாரியையும் தாங்கும், தைப்பதற்கு வந்த வெளிச்சம் வாசிப்பதற்கும் போதும். 1916இல் எட்டாம் மாடியை நூலகத்துக்கும் வகுப்புகளுக்கும் எடுத்தார்கள். ஆம், தீ தொடங்கிய அதே எட்டாம் மாடி. ஐந்தே வருடம்தான் கடந்திருந்தது. பிறகு மற்ற மாடிகளும் சேர்ந்தன. 1929இல் பிரெடெரிக் பிரவுன் என்பவர் முழுக் கட்டடத்தையும் வாங்கிப் பல்கலைக்கழகத்துக்கு அன்பளிப்புச் செய்தார். அவர் பெயர்தான் இன்றுவரை கட்டடத்துக்கு.

கட்டியவர் பெயர் முதலில் இருந்தது, கொடுத்தவர் பெயர் பிறகு வந்தது. இறந்தவர்கள் பெயர் எங்கே? என் மாணவி கேட்ட அதே கேள்வி.

50ஆம் ஆண்டு நினைவாக 1961இல் தையல் தொழிலாளர் சங்கம் சுவரில் ஒரு பலகை பதித்தது. அதில் தனித்தனிப் பெயர்கள் இல்லை. 1991இல் கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும், இறந்தவர்களில் ஆறு பேர் யார் என்றே தெரியாமல் இருந்தது. உடலை அடையாளம் காண முடியாமல் அடக்கம் செய்யப்பட்டவர்கள். மைக்கல் ஹிர்ஷ் என்ற ஆய்வாளர் பழைய பத்திரிகைகளையும் பதிவேடுகளையும் வருடக்கணக்கில் தேடினார். நூறாம் ஆண்டான 2011இல்தான் 146 பேருக்கும் பெயர் கிடைத்தது.

இதற்கிடையில் 2004இலிருந்து ஒரு வழக்கம் தொடங்கியது. ஒவ்வொரு மார்ச் 25ஆம் திகதியும் தொண்டர்கள் சோக்குக் கட்டியோடு நகரம் முழுக்கப் போகிறார்கள். இறந்தவர் வாழ்ந்த வீட்டு வாசலின் நடைபாதையில் அவருடைய பெயரையும் வயதையும் எழுதுகிறார்கள். மழை வந்தால் அழிந்துவிடும். அடுத்த வருடம் திரும்ப எழுதுவார்கள். சோக்குக் கட்டி பிடித்தே காலம் போன எனக்கு, அதன் மிகச் சிறந்த பாவனை இதுதானோ என்று தோன்றுகிறது.

கடைசியாக 2023 ஒக்டோபர் 11ஆம் திகதி பிரவுன் கட்டடத்தின் வெளிச்சுவரில் நிரந்தர நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. எஃகுப் பட்டி ஒன்று தலைக்கு மேலே சுவரோரமாக ஓடுகிறது. அதில் 146 பெயர்களும் துளைத்து வெட்டப்பட்டிருக்கின்றன. கீழே இடுப்பு உயரத்தில் கண்ணாடி போல் மினுங்கும் கறுப்புப் பலகை. குனிந்து பார்த்தால் மேலே உள்ள பெயர்கள் அதில் தெரியும். பெயரை வாசிக்க வேண்டுமென்றால் தலை குனிய வேண்டும்.

அந்தப் பெயர்களில் கேட் லியோனி இருக்கிறார். வயது 14. ரொசாரியா மோல்டேஸ் இருக்கிறார். அவருக்கும் 14. ரொசாரியாவின் சகோதரி லூசியா, உம்மா கேத்தரின், மூவரும் ஒரே நாளில், ஒரே மாடியில் போனவர்கள். 14 வயது என்றால் நமது கணக்கில் தரம் 9. என் வகுப்புப் பிள்ளைகளை விடச் சிறியவர்கள்.

விபத்து நடந்து 112 வருடத்துக்குப் பிறகே பெயர்கள் சுவருக்கு வந்தன. தாமதம்தான். ஆனால் வந்தன. ஒரு தொழிற்சாலையைக் கல்விக்கூடமாக மாற்றுவது நல்ல காரியம். இடிக்காமல் காப்பாற்றினால் சுவர் மிஞ்சும். அந்தச் சுவருக்குள் என்ன நடந்தது என்பதைப் படிக்க வரும் பிள்ளைக்குச் சொல்லாவிட்டால், மிஞ்சியது வெறும் சுவர்தான். சொல்வதற்கு நூறு வருடமாகத் தொழிற்சங்கக்காரர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் விடாமல் நிற்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் அமெரிக்காவின் பழைய கதை என்று நினைத்துவிடாதீர்கள். பிளவுஸ் தைக்கும் வேலை நியூயோர்க்கை விட்டு நமது பக்கத்துக்கு வந்து வெகு காலமாகிறது. கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. இன்று இந்த நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் முக்கிய கைத்தொழில் கார்மன்ட். தைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கதவும் நம் பிராந்தியத்துக்கு வந்தது. 2012 செப்டெம்பர் 11ஆம் திகதி கராச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே தீ எப்படித் தொடங்கியது என்பது தனி வழக்கு. ஆனால் வெளியேற முடியாமல் போனது பூட்டிய வாசல்களாலும் கம்பி அடித்த ஜன்னல்களாலும். அதே வருடம் நவம்பர் 24ஆம் திகதி டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் தொழிற்சாலையில் நூறுக்கும் மேற்பட்டோர். 101 வருடத்துக்குப் பிறகும் அதே பூட்டு, அதே காரணங்கள். சட்டம் எழுதிய தாளால் மட்டும் கதவு திறக்காது. ஒருவர் போய்த் தள்ளிப் பார்க்க வேண்டும்.

அடுத்த நாள் பாடசாலைக்குப் போனதும் நான் முதலில் செய்தது அதைத்தான். பிரதான மண்டபத்துக்கு இரண்டு கதவு. பின்கதவைத் தள்ளினேன், அசையவில்லை. வெளியே சுற்றிப் போய்ப் பார்த்தால் பழைய டெஸ்குகளை அடுக்கி, மேலே ஒரு பூட்டும் போட்டிருக்கிறது. கதிரைகள் களவு போகிறதாம், அதனால் பூட்டியதாம். அந்த மண்டபத்தில் பரீட்சைக்கு 200 பிள்ளைகள் உட்காருவார்கள். எத்தனை வருடம் அந்தக் கதவைக் கடந்து நடந்திருப்பேன்! ஒரு நாளும் கை வைத்துப் பார்த்ததில்லை. இரண்டு பிரியட் எடுத்தது, பிள்ளைகளும் நானும் டெஸ்குகளை அப்புறப்படுத்தினோம். பூட்டு இப்போது அதிபர் மேசையில்.

பிறகு அந்த மாணவியைக் கூப்பிட்டேன். "மகள், அண்டைக்கு நான் சொன்னது பிழை. எழுத ஏலும். எழுதியும் இருக்காங்க" என்று சொல்லி, போனில் அந்தச் சுவரின் படத்தைக் காட்டினேன். ஒவ்வொரு பெயராகப் பெரிதாக்கி வாசித்தாள். வயதையும் வாசித்தாள். பிறகு, "சேர், இத ராத்தாக்குக் காட்டவா?" என்று கேட்டாள்.

காட்டச் சொன்னேன். ராத்தா வேலை செய்யும் மாடியில் எத்தனை வாசல் என்று கேட்டுக்கொண்டு வரவும் சொன்னேன்.

வாசித்த நீங்களும் நாளைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் வேலை செய்யும் இடம், பிள்ளையை அனுப்பும் டியூஷன் வகுப்பு, தொழப் போகும் பள்ளிவாசலின் மேல்மாடி, கல்யாண மண்டபம், எங்கேயானாலும் சரி, இரண்டாவது கதவு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். அதைத் தள்ளிப் பாருங்கள்.